எங்கள் வீட்டு டவர்

என் வீட்டுக்காரருக்கு டவர் என்று பெயர் வைத்தது நான்தான். கேலிக்காகத்தான் வைத்தேன். அது ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போய், கீழ் வீட்டுச் சின்னப் பெண்கூட "டவர் தாத்தா" என்று கூப்பிட ஆரம்பித்தபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவருக்கு ஒன்றும் இல்லை. "இருக்கட்டும் விடு. வேலை போனதுல இருந்து என்னை யாரும் கூப்பிடவே இல்ல. இப்ப ஒரு பேராவது வெச்சுக் கூப்பிடறாங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அதற்கு முன்னால் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். முன்பக்கம் இரண்டு இரும்புக் கைகளை நீட்டிக்கொண்டு நிற்குமே, அந்த வண்டி. தரையில் பதிக்கும் டைல்ஸ் பெட்டிகளைக் கிடங்கிலிருந்து லாரிக்கும் லாரியிலிருந்து கிடங்குக்கும் மாற்ற வேண்டும். சுமை உயரமாக இருந்தால் ஓட்டுகிறவருக்கு முன்னால் ஒன்றும் தெரியாது. அப்போது வண்டியைப் பின்பக்கமாகத்தான் ஓட்டுவார்கள், கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே. வாழ்க்கையில் பாதியை அப்படி ஓட்டியதில் அது அவருக்கு உடம்போடு ஒட்டிக்கொண்டது. நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதற்கு முன்னால் ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்ப்பார். சாப்பிட்ட தட்டை எடுப்பதற்கு முன்னால் பார்ப்பார். படுக்கையில் புரள்வதற்கு முன்னால் திரும்பிப் பார்க்கிறார் என்று என் தங்கையிடம் சொன்னேன், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கட்டும். அவர் வண்டிக் கையில் ஒரு டைல்ஸ் உடைந்ததாக யாரும் சொன்னதில்லை. அவர் கை எதைத் தொடுவதற்கு முன்னாலும் கண் அங்கே போய்விட்டு வந்திருக்கும்.

கிடங்கை முதலாளி வேறு ஊருக்கு மாற்றினார். வண்டிகளையெல்லாம் பெரிய லாரிகளில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஓட்டியவர்களை ஏற்றவில்லை. இவரேதான் தன் வண்டியை லாரியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார்.

பிறகு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் பதிந்து வைத்தார். எங்காவது கிடங்கில் ஓட்டுநர் தேவை என்றால் அவர்கள் வரிசைப்படி ஃபோன் போடுவார்கள். முதலில் எடுக்கிறவருக்கு வேலை. எடுக்காவிட்டால் அடுத்த ஆள். கவுன்ட்டரில் இருந்த பெண் அதை முகத்தைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாளாம். "ரெண்டு தடவை போடுவோம் சார். மூணாவது தடவைங்கிறதே கிடையாது. உங்க நம்பர் எப்பவும் ஆன்ல இருக்கணும்." அன்றிலிருந்து குளிக்கப் போனால்கூட ஃபோனைக் குளியலறை ஜன்னலில் வைத்துக்கொண்டு குளித்தார். அது ஒலிக்கவில்லை. மாதங்கள் போயின. நான் ஹோட்டல் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்ததில் குடும்பம் ஓடியது.

எங்களுக்கு ஒரே மகள். படித்து முடித்துவிட்டு, விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்துப்போய், யாராவது "என்ன பண்ணிட்டு இருக்க?" என்று கேட்டுவிடுவார்களோ என்று உறவுக்காரர் வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டவள். அவளுக்கு ஒருநாள் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. ஃப்ரிட்ஜ் விற்கும் கம்பெனிக்கு வாடிக்கையாளர்கள் கூப்பிட்டுத் திட்டுவார்கள். அதைக் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டு, புகாரைப் பதிந்துகொள்ள வேண்டும். பேச்சு முழுக்க நெட் வழியாகத்தான். முதலில் சில மாதம் பயிற்சி, கடைசியில் ஒரு தேர்வு, தேறினால் நிரந்தரம். லேப்டாப்பைக் கம்பெனியே அனுப்பியது. நெட் மட்டும் உன் பாடு என்று சொல்லிவிட்டது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். வீட்டுக்காரர் என்று நான் சொன்னால் என்னைக் கட்டியவர். வீட்டைக் கட்டியவரை ஓனர் என்று சொல்கிறேன். இரண்டு பேரையும் ஒரே சொல்லால் கூப்பிட எனக்கு மனசு வராது. நாங்கள் இருப்பது ஓனருடைய கட்டிடத்தின் பின்பகுதி. முன்பகுதிக்கு இன்டர்நெட் கேபிள் வந்திருக்கிறது. பின்பகுதிக்கு இழுக்க வேண்டும் என்றால் நடுச்சுவரில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட வேண்டும். ஓனர், "ஓட்டை போட்டா சுவர் ஈரம் இழுக்கும்மா" என்று சொல்லிவிட்டார். ஏற்கனவே அந்தச் சுவர் ஈரத்தில் ஊறி, சுண்ணாம்பு பொரிந்து பொரிந்து எங்கள் படுக்கையில்தான் விழுந்துகொண்டிருக்கிறது. அதைச் சொன்னால் வாடகைப் பேச்சு வரும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மகள் தன் ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தாள். ஃபோனில் இருக்கும் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கும் ஏற்பாடு அது. உடனே ஃபோன் கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது: உங்கள் திட்டத்தில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனிக் கட்டணம். எனக்கு இது விளங்கவே இல்லை. நெட்டுக்குத்தான் ஏற்கனவே காசு கட்டியாகிவிட்டதே. குடத்துத் தண்ணீரை விலை கொடுத்து வாங்கின பிறகு, அதை டம்ளரில் ஊற்றிக் குடித்தால் தனிக் காசு என்பது என்ன நியாயம்? மகள் அதை ஏமாற்றும் செயலிகள் என்று எதை எதையோ இறக்கிப் பார்த்தாள். ஒன்று ஓயாமல் விளம்பரம் காட்டியது. இன்னொன்று ஃபோனையே ஊமையாக்கிவிட்டது. பயிற்சிக் காலத்தில் கொடுக்கும் சொற்பத்தில் அந்தத் தனிக் கட்டணத்தைக் கட்டினால் கையில் ஒன்றும் நிற்காது.

அந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரர் ரீசார்ஜ் செய்யப் போனார். கடைக்காரர் அவருடைய எண்ணைத் தட்டிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாராம். "அண்ணே, இந்தப் பிளான் இன்னும் உங்ககிட்ட இருக்கா?"

"ஏன்பா, ஏதாவது தப்பா?"

"தப்பெல்லாம் இல்ல. இதுல ஹாட்ஸ்பாட்டுக்குத் தனிக் காசு கிடையாது. உங்க இஷ்டத்துக்குக் குடுக்கலாம். இப்ப புதுசா யாருக்கும் இதைக் குடுக்கறதில்ல. வெச்சிருக்கறவங்ககிட்ட இருந்து பிடுங்கறதும் இல்ல. ஆனா ஒண்ணுண்ணே, எதையும் மாத்திடாதீங்க. சிம்மை மாத்தினாலோ, புதுசா ஒரு வசதி கேட்டாலோ, அதோட பழைய பிளான் போச்சு. அப்புறம் நீங்க தலைகீழா நின்னாலும் வராது."

அன்றைக்கு அவர் மாடிப்படி ஏறி வந்த சத்தத்தை நான் மறக்கவில்லை. இரண்டு இரண்டு படியாக ஏறினார். "நம்மகிட்டயே இருக்கு" என்றார் மகளிடம். என்ன இருக்கிறது என்று சொல்லவே அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது. அவருடைய சோம்பேறித்தனத்தால்தான் அந்தத் திட்டம் மாறாமல் கிடந்தது. மற்றவர்களெல்லாம் சலுகை வந்தபோதெல்லாம் தாவிக்கொண்டிருந்தார்கள். இவர் தாவவில்லை. ஒருவர் ஒன்றுமே செய்யாமல் இருந்ததற்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பரிசு கிடைத்ததைப் பார்த்து எனக்கும் சந்தோஷம்தான்.

சமையலறை ஜன்னலில்தான் சிக்னல் வரும். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். ஃபோன் சூடாகிறது என்று ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து அதன் மேல் ஃபோனை வைத்தார். காலையில் ஷேவ் செய்து, பழைய கிடங்குச் சட்டையை, நெஞ்சுக்குக் குறுக்கே பளபளக்கும் பட்டை போட்ட அந்தச் சட்டையை, மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டேன். "டியூட்டிக்கு" என்றார். அப்போதுதான் நான் டவர் என்று பெயர் வைத்தேன்.

உட்கார்ந்திருக்க என்ன அவசியம், ஃபோனை ஜன்னலில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாமே என்று நானும் நினைத்தேன். முதல் நாளே தெரிந்துவிட்டது. அவருடைய அண்ணன் கூப்பிட்டார், வழக்கம்போல முழங்கால் வலியைப் பற்றிச் சொல்ல. ஃபோன் ஒலித்ததும் உள்ளே மகளுடைய நெட் நின்றுவிட்டது. யாரோ ஒரு அம்மா கெட்டுப்போன ஃப்ரிட்ஜைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் அறுந்துபோனார். கம்பெனிக் கணக்கில் மகளுக்கு ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது.

கடைக்காரரிடம் ஓடினார். "பழைய சிம் அப்படித்தாண்ணே. பேச்சும் நெட்டும் ஒத்தையடிப் பாதையில போகும். பேச்சு வந்தா நெட் ஒதுங்கி நிக்கும். புது சிம் போட்டா சரியாயிடும்" என்றார் கடைக்காரர். புது சிம் போட்டால் திட்டம் போய்விடும். வருகிற அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடலாம் என்றால் அது புது வசதி கேட்பதாகிவிடும், அதற்கும் திட்டம் போய்விடும். சத்தத்தை நிறுத்தி வைத்தும் பயனில்லை, ஊமையாக வந்தாலும் அழைப்பு அழைப்புதான். ஒன்றே ஒன்று செய்யலாம். முதல் மணியிலேயே கட் செய்துவிட்டால் நெட் ஒரு தடுமாற்றத்தோடு திரும்பிவிடும். எதிர்முனையில் இருப்பவர் மகள் செருமியதாக நினைத்துக்கொள்வார்.

அதனால்தான் நாற்காலி. அதனால்தான் டியூட்டி. ஃபோனைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு, கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழைப்பு வரும், பார்ப்பார், கட் செய்வார். ஏஜென்சியிலிருந்து வந்தால் மட்டும் எடுப்பது என்று பேச்சு. "அது வந்தா எடுத்துடுங்கப்பா. என் கால் கட்டானா பரவாயில்ல, நான் சமாளிச்சுக்கறேன்" என்று மகளே சொல்லியிருந்தாள். ஒரு புள்ளி விழுந்தால் விழட்டும் என்பதுதான் கணக்கு.

ஏஜென்சியில் வேறு எண்ணைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று ஒருநாள் நேரில் போனார். அதே பெண், அதே நிமிராத முகம். "நம்பர் மாத்தினா பழைய பதிவு போயிடும் சார். புதுப் பதிவுன்னா வரிசையில கடைசி. இப்ப நீங்க ஓரளவு முன்னாடி வந்துட்டீங்க. மாத்தணுமா?" மாற்றவில்லை. அங்கேயும் மாற்றினால் போய்விடும், இங்கேயும் மாற்றினால் போய்விடும். திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "நம்ம கதையைப் பாரு, எதையும் தொடக் கூடாது, சும்மா உக்காந்திருக்கணும்" என்றார்.

உறவுகள் கழன்றுகொண்டன. அண்ணன்காரர் நேரிலேயே வந்துவிட்டார், முழங்கால் வலியோடு படியேறி. வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது, ஆனாலும் திட்டுவதற்கு மூச்சு மிச்சம் வைத்திருந்தார். "கூடப் பொறந்தவன் கூப்பிட்டா பொட்டுனு வெச்சிடற. பெரிய ஆபீசர் ஆயிட்டியோ?" என் வீட்டுக்காரர் உதட்டில் விரல் வைத்து உள்ளறையைக் காட்டினார். மகள் உள்ளே பேசிக்கொண்டிருந்தாள். அண்ணனுக்கு அதுவும் அவமானமாகப் போய்விட்டது. "எங்கிட்ட பேசறதுக்கு வாயில்ல, இப்ப விரலாலதான் பதிலா?" என்று கேட்டுவிட்டு, போட்டுக் கொடுத்த டீயைத் தொடாமல் இறங்கிப் போனார். பிறகு அவர் கூப்பிடவில்லை. கிடங்கில் கூட வேலை பார்த்தவர்கள் இரண்டு மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் அவருக்கு வந்ததெல்லாம் கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்புகள்தான். அவற்றையும் அதே மரியாதையோடு, பார்த்துவிட்டுத்தான் கட் செய்தார்.

தேர்வு நாள் வந்தது. அன்றைக்கு எனக்கு வார விடுமுறை. கம்பெனியின் மேலாளர் ஒருவர் காலையிலிருந்து மதியம்வரை மகளின் எல்லா அழைப்புகளையும் கூடவே இருந்து கேட்பார். நடுவில் இணைப்பு அறுந்தால் தேர்வு அங்கேயே முடிந்தது, இரண்டாவது வாய்ப்பு கிடையாது என்று எழுதியே அனுப்பியிருந்தார்கள். மகள் சாப்பிடவே இல்லை. வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"அப்பா, இன்னைக்கு மட்டும் எதுவும் வரக் கூடாதுப்பா."

"வராதும்மா."

"ஏஜென்சி கூப்பிட்டா?"

அவர் தலையைச் சொறிந்தார். மகளே சிரித்துவிட்டாள். "இத்தனை மாசமா வராதது இன்னைக்கா வரப்போகுது."

"அதானே" என்றார் அவர்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். குக்கர்கூட வைக்கவில்லை, விசில் சத்தம் கேட்கும் என்று. உள்ளிருந்து மகளின் குரல் வந்துகொண்டிருந்தது. எங்களிடம் வெடுக் வெடுக்கென்று பேசுகிற பெண்ணா இது என்று நினைத்தேன். "உங்க சிரமம் எனக்குப் புரியுதுங்க. நான் இப்பவே பதிஞ்சுடறேங்க" என்று யாரோ ஒருவருக்கு அவ்வளவு பதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் மகளைப் பற்றி எனக்குப் பெருமையாக இருந்தது. இவரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

டம்ளர் மேலே இருந்த ஃபோன் அதிர்ந்தது. சத்தம் வைக்கவில்லை என்றாலும் எவர்சில்வரில் அது உறுமுவது எனக்குக் கேட்டது. அவர் குனிந்து பார்த்தார். பிறகு கழுத்தைத் திருப்பி, தோளுக்கு மேலாக, மகளின் அறைக் கதவைப் பார்த்தார். மறுபடி ஃபோனைப் பார்த்தார். கட்டைவிரலால் கட் செய்தார். எல்லாம் கண் இமைக்கிற நேரத்துக்குள் நடந்தது. நான் தலையை ஆட்டி "யாரு, கடன் கம்பெனியா?" என்று ஜாடையில் கேட்டேன். அவர் பதிலுக்குத் தலையை ஆட்டியது ஆமாம் என்றும் இருந்தது, இல்லை என்றும் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதிர்ந்தது. இந்தத் தரம் கதவைப் பார்க்கவில்லை. ஃபோனை மட்டும் பார்த்தார், கட் செய்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் போர்வையை மடித்து முடித்துத் தலையணை உறைகளுக்கு வந்திருந்தேன்.

மதியம் கதவு திறந்தது. மகள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "ஒரு கால்கூட கட்டாகலம்மா. என் குரல் நல்லா இருக்குன்னு சொன்னாங்க." அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவர் சிரித்தார். "இரு, ஏதாவது இனிப்பு வாங்கிட்டு வரேன்" என்று ஃபோனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடைக்குப் போகாமல் தெருமுனையில் நின்று ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்த பிறகும் அங்கேயே நின்றார்.

சாப்பிடும்போதுதான் சொன்னார். "ஏஜென்சியில இருந்து கூப்பிட்டிருக்காங்க. கை தவறி கட் பண்ணிட்டேன்."

மகள் கையில் எடுத்த சோற்று உருண்டையைத் தட்டில் போட்டாள். "எப்ப? பார்க்கலையாப்பா?"

"தினமும் கட் பண்ணிப் பண்ணிக் கை பழகிப்போச்சும்மா. பார்க்கறதுக்குள்ள விரல் போயிடுச்சு. அப்புறம் கூப்பிட்டுக் கேட்டேன். அடுத்த ஆள் எடுத்துட்டானாம். மருந்துக் கிடங்காம். ஃபோர்க்லிஃப்ட்தான்." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "நிரந்தரமாம்."

"மறுபடி கூப்பிடுவாங்கல்ல?"

"இனிமே வரிசையில கடைசிதான். பரவால்ல விடு, உனக்கு ஆயிடுச்சுல்ல."

என் கையில் கரண்டி இருந்தது. பார்ப்பதற்குள் விரல் போய்விட்டதாம். படுக்கையில் புரள்வதற்கு முன்னால் திரும்பிப் பார்க்கிற மனிதர். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். ஃபோனையும் பார்த்தார், கதவையும் பார்த்தார், பார்த்துவிட்டுத்தான் விரலை வைத்தார். இரண்டு தடவை. அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும், அதைக்கூட உருப்படியாகச் சொல்லத் தெரியவில்லை. பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றார். "ஏங்க இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டேன். எனக்கு அழுகையும் வந்தது, அறைய வேண்டும் போலவும் இருந்தது.

"எடுத்திருந்தா அவளோடது போயிருக்கும். எனக்கு இனிமே எத்தனை வருஷம்? அவ இப்பதான் ஆரம்பிக்கறா." தட்டை வாங்கித் துடைத்தார். "அவகிட்ட சொல்லிடாத. சொன்னா வாழ்க்கை பூரா சுமப்பா."

நான் சரி என்றேன். அன்றைக்கு அது சரியாகத்தான் பட்டது. ஒன்று போனாலும் ஒன்று நின்றது என்று நினைத்தேன்.

கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. மகள் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள், பாதியில் குரல் இறங்கிவிட்டது. தேர்வில் தேறிவிட்டாள். வாழ்த்தும் சொல்லியிருந்தார்கள். ஆனால் நிரந்தர வேலைக்கு வீட்டில் கேபிள் வழி இணைப்பு கட்டாயம். மொபைல் ஹாட்ஸ்பாட் பயிற்சிக் காலத்துக்கு மட்டும்தான் அனுமதி. இது எல்லோருக்கும் தெரிந்த விதிதானாம், முதல் நாள் அனுப்பிய நீளமான தாள்களில் எங்கோ இருந்ததாம். இணைப்பு வந்ததற்கான படத்தை மாத முடிவுக்குள் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் லேப்டாப்பைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

ஓனரிடம் நான் போனேன். சுவர் ஈரம் இழுக்கும் என்றார். சுவரே ஈரமாகத்தான் இருக்கிறது, வந்து பாருங்கள் என்றேன். அவ்வளவு கஷ்டமாக இருந்தால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு வந்தேன், பலன் இல்லை. என் வீட்டுக்காரர் போனார். ஓட்டையைத் தானே போட்டு, தானே சிமென்ட் பூசி, வெள்ளையும் அடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். யாரிடமும் எதுவும் கேட்காத மனிதர், வெயிலில் ஓனர் வாசலில் நின்று கேட்டுவிட்டு வந்தார். ஓனர் வெளியே வரவே இல்லை, ஜன்னலிலிருந்தே தலையை ஆட்டிவிட்டார். சுவரைத் தொடாமல் பின்பக்கச் சந்து வழியாக இழுக்க முடியுமா என்று கேபிள் கம்பெனியில் கேட்டோம். சந்தில் கம்பம் இல்லை, கம்பம் நட்ட பிறகு பார்க்கலாம் என்றார்கள். யார் நடுவார்கள் என்று கேட்டதற்கு, அது எங்கள் வேலை இல்லை என்றார்கள்.

மகள் கம்பெனிக்கு எழுதிக் கேட்டாள். இத்தனை மாதம் இதே ஹாட்ஸ்பாட்டில்தானே நன்றாக வேலை பார்த்தேன் என்று கேட்டாள். உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது என்று பதில் வந்தது. அவள் தினமும் மற்றவர்களுக்குச் சொன்ன அதே வரி. அதைப் படித்துவிட்டு ஃபோனைக் குப்புறப் போட்டாள்.

லேப்டாப்பை அவர்தான் பெட்டியில் வைத்துக் கட்டினார். மூலைக்கு மூலை அட்டை வைத்து, டேப்பை இழுத்து ஒட்டி, குலுக்கிப் பார்த்து, ஒரு சத்தமும் வராதபடி கட்டினார். வேலை அவ்வளவு சுத்தம். மகள் நாற்காலியில், அவருடைய டியூட்டி நாற்காலியில், உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னோடது போயிடுச்சு" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். "உங்களோடதாவது இருந்திருக்கும். அன்னைக்குக் கொஞ்சம் பார்த்திருந்தீங்கன்னா. ஒரு ஃபோனை யாருன்னு பார்த்துட்டுக் கட் பண்ணத் தெரியலையாப்பா உங்களுக்கு?"

என் வாய் திறந்துவிட்டது. சொல்லித் தொலைத்துவிடலாம் என்றுதான் திறந்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஆமாம்மா" என்றார் மகளிடம். "பார்த்திருக்கணும்." பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மகள் மறுபடி தூங்குவதும் ஃபோனைப் பார்ப்பதுமாக ஆகிவிட்டாள். அப்பாவிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை. அவர் காலையில் எழுந்து ஷேவ் செய்துகொண்டு சமையலறை ஜன்னலில் போய் உட்கார்ந்துகொள்கிறார். டம்ளர் கவிழ்த்தபடியே இருக்கிறது, அதன் மேல் ஃபோன் இருக்கிறது, ஹாட்ஸ்பாட்டும் போட்டபடியே இருக்கிறது. "யாருக்குங்க இது?" என்று கேட்டேன். "அவ திடீர்னு ஏதாவது விண்ணப்பம் போடணும்னா?" என்றார். அவள் போடுவதில்லை.

போன வாரம் ஹோட்டலில் இயந்திரம் பழுதாகி எனக்கு நேரமாகிவிட்டது. சொல்லிவிடலாம் என்று கூட வேலை பார்க்கும் பெண்ணின் ஃபோனை வாங்கி அவரைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே கட். மறுபடி கூப்பிட்டேன். கட். தெரியாத எண் என்பதால் கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள் என நினைத்திருப்பார் என்று, உடை மாற்றும் அறையில் என் பெட்டியில் பூட்டி வைத்திருந்த ஃபோனைப் போய் எடுத்துவந்து அதிலிருந்தே கூப்பிட்டேன். அதில் கூப்பிட்டால் திரையில் என் முகமே வரும், மகள் வைத்துக் கொடுத்தது. அதையும் கட் செய்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "என் ஃபோனை ஏங்க கட் பண்ணீங்க?"

அவர் விழித்தார். "நீயா? நீ எப்ப கூப்பிட்ட?"

"மூணு தடவை கூப்பிட்டேன். என் மூஞ்சி வந்திருக்குமே."

ஃபோனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தார். இந்தத் தரம் அவர் பொய் சொல்லவில்லை. "அப்ப ஏஜென்சி கூப்பிட்டிருந்தா?" என்று கேட்டுவிட்டேன், கேட்டிருக்க வேண்டாம். "அவங்க எங்க கூப்பிடப் போறாங்க" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியிலிருந்து எழுந்து உள்ளே போனார். முழங்கை பட்டு டம்ளர் உருண்டு கீழே விழுந்தது. எழுந்திருக்கும்போது அவர் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.